கலர் மாஸ்டரும் சிவப்புக் காகிதமும்

பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிற மாஸ்டருக்குக் கண்ணே தெரியாதாம் என்றுதான் முதலில் கிளம்பியது. டீக்கடைக்கு வந்தபோது, கண் தெரியாவிட்டால் என்ன, வாசனையை வைத்தே நிறம் சொல்லிவிடுவார் என்று வளர்ந்திருந்தது. சலூனில் அவருக்கு ஒரு கண் பிளாஸ்டிக். அது எந்தக் கண் என்பதில் சவரம் செய்துகொள்ள வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள்.

வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் அது ஒரு சுவரில் முட்டி நிற்கிறது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் வீட்டு முன்னறைச் சுவர். சுவர் முழுக்க இலைப் பச்சை. தண்ணீர்க் குழாயை மாற்றிவிட்டு சிமெண்ட் பூசிய இடத்தில் மட்டும், ஒரு தாம்பாளம் அளவுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு.

"அடிபட்டு ரத்தம் கட்டின மாதிரி இல்ல?" என்றார் டீச்சர். "சுவத்துலேர்ந்து உதிர்ந்த சில்லைக் கொண்டுபோய்க் குடுத்து, இதே மாதிரி வேணும்னேன். அச்சு அசலா இருக்கும் டீச்சர்னு குடுத்தார். பூசினவரைக் கேட்டா, டப்பாவுல இருக்கிறதைப் பூசறதுதான் என் வேலைங்கிறார்."

ஆக, மாஸ்டருக்குக் கண் இரண்டும் சொந்தக் கண்தான். எறும்பு ஊர்வதும் தெரியும், பேருந்து நம்பரும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத்தான் தெரியாது. இரண்டும் அவருக்குச் சேற்று நிறத்தின் அண்ணன் தம்பி.

இதைப் பெரிய குறையாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒளியும் ஓர் அலைதான். அதன் சொந்தக்காரர்கள் கூட்டம் பெரிது. நீளமான அலைகளில் ரேடியோ பாடுகிறது. அதைவிடக் குட்டையான அலையில் டிவி ரிமோட் பேசுகிறது. இன்னும் ரொம்பக் குட்டையில் எக்ஸ்ரே எலும்பைப் படம் பிடிக்கிறது. இந்த நீண்ட வரிசைக்கு நடுவே, சிவப்பிலிருந்து ஊதா வரை ஒரு சின்ன இடுக்குக்குத்தான் நம் கண்ணுக்கு அனுமதி. மற்றதெல்லாம் யாருக்குமே தெரிவதில்லை. அதற்காக யாரும் யாரைப் பற்றியும் வதந்தி கிளப்புவதில்லை. கண்ணுக்குள் நிறத்தைப் பிரித்துச் சொல்ல மூன்று வகை ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். மாஸ்டரிடம் ஒருவர் பிறந்ததிலிருந்தே வேலைக்கு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வாலிப வயதில் அவர் ரயில் ஓட்ட ஆசைப்பட்டுப் போனார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டையைக் காட்டி, "என்ன நம்பர்?" என்றார்கள். "நம்பரா? எங்க?" என்றார் இவர். அவரை ஏற்றாமலே ரயில் போய்விட்டது. இன்னொரு தடவை எவனும் ஓர் அட்டையைக் காட்டி நம்மை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடக்கூடாது என்று அன்றைக்கே மனதில் ஆணி அடித்துக்கொண்டார்.

பிறகு பெயிண்ட் கடைக் குடோனில் டப்பா சுமந்தார். இடுப்பு ஒடிகிற நேரம் பார்த்துக் கடைக்கு நிறம் கலக்கும் மிஷின் வந்தது. அதற்கு வேண்டியது கண் அல்ல, எண். அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டினால் மிஷின் சொட்டுப் போடும். நம்பரில் இவர் புலி. குடோன்காரர் கலர் மாஸ்டர் ஆனார்.

யாராவது சுவர்ச் சில்லைக் கொண்டுவந்து நீட்டினால்தான் சிக்கல்; சில்லில் நம்பர் இருக்காது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கலக்கியதைக் கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் நீட்டுவார். "தங்கச்சி, உன் கண்ணுக்கு எப்படி இருக்கு? நீ சொன்னாத்தான் சரி." அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் ஒரு சொட்டு மஞ்சள்ணே" என்பாள். டீச்சர் சில்லோடு வந்த அன்று அவள் அக்கா கல்யாணத்துக்கு லீவு.

வதந்தி முதலாளியின் காதுக்கு வர நாளாகவில்லை.

"யோவ் மாஸ்டர், உனக்கு சிவப்பு தெரியாதாமே?"

"தெரியும் மொதலாளி. பச்சை மாதிரி இருக்கும்."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் தீர்ப்பு வந்தது. "திங்கக்கிழமை டீச்சரைக் கூப்பிடறேன். அதே சில்லு. என் கண் முன்னால கலக்கிக் காட்டு. மிஷினும் கூடாது, யார்கிட்டயும் கேக்கவும் கூடாது. சரியா வந்தா நாற்காலி உனக்கு. இல்லேன்னா பழையபடி குடோன்."

இடுப்பு இதைக் கேட்டு அங்கேயே முனகியது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "தக்காளி பழுத்ததான்னு அமுக்கிப் பாத்தே இத்தனை வருஷம் ஓட்டிட்டீங்க. பெயிண்ட்டையும் அமுக்கிப் பாருங்களேன்" என்றாள். சொல்லிவிட்டு, "போகாதீங்க அந்தக் குடோனுக்கு" என்றும் சொன்னாள்.

மறுநாள் கல்லா மேசையில் ஒரு சிவப்புக் கண்ணாடிக் காகிதம் மடித்துக் கிடந்தது. கல்லாப் பெண்ணின் அக்கா கல்யாணத்தில் வந்த பூங்கொத்தைச் சுற்றியிருந்த காகிதம். மாஸ்டர் சும்மா எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற அட்டையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். இத்தனை காலம் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கட்டங்களில் ஒன்று பளிச்சென்று வெளுத்திருந்தது. மற்றது கரி பூசிக்கொண்டிருந்தது. சிவப்புக் காகிதம் சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும், பச்சையை வாசலிலேயே மறித்துவிடும். முதல்முறையாக அவருக்கு அண்ணன் வேறு, தம்பி வேறு.

"தங்கச்சி, இதை ஒரு நாளைக்குக் குடும்மா. நாளைக்கே தந்துடறேன்."

"எதுக்குண்ணே?"

"ஒண்ணு பாக்கணும்."

"கசக்கிடாதீங்க. ஞாபகத்துக்கு வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுச் சமையலறைக் கதவு முழுக்கப் பெயிண்ட் பொட்டுகள். "இது கதவா, இல்ல தோல் வியாதியா?" என்றாள் மனைவி. பழைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பக்கம் சிவப்புக் காகிதம், மறுபக்கம் பச்சைச் சோடா பாட்டிலில் வெட்டிய துண்டு. நிறத்தைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். கோட்டைப் பார்த்தார். சில்லின் மேல் ஒரு பொட்டு வைத்து, சிவப்பு வழியாகவும் பச்சை வழியாகவும் வெறும் கண்ணாலும் பார்க்க வேண்டும். மூன்றிலும் பொட்டின் ஓரக்கோடு மறைந்தால் இரண்டும் ஒரே நிறம். ஒன்றில் தெரிந்தாலும் கலக்கல் தப்பு.

திங்கட்கிழமை கடைக்குள் கூட்டம். சலூன்காரர் ஒருவரைப் பாதி தாடியோடு விட்டுவிட்டு வந்திருந்தார். மாஸ்டர் கண்ணாடியை மாட்டியதும், "என்ன மாஸ்டர், 3டி படமா?" என்று ஒரு குரல். கடையே சிரித்தது. மாஸ்டர் ஒரு கண்ணை மூடினார், மறுகண்ணை மூடினார், சொட்டு விட்டார், பொட்டு வைத்தார், விசிறியில் காயவைத்தார். கடைசியில், "ஆச்சு" என்றார்.

டீச்சர் சில்லை வாங்கி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். "இது கீரை. என் சுவர் இலை."

மறுபடி சிரிப்பு. டியூப்லைட் ஒளி ஒரு கலவை, வெயில் வேறொரு கலவை. ஒன்றில் இரட்டையராக நின்ற இரண்டு பெயிண்ட்டும் மற்றதில் முன்பின் தெரியாதவர்களாகிவிட்டன. முதலாளி குடோன் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

மாஸ்டர் சாவியைப் பார்க்கவில்லை. முக்காலியைத் தூக்கினார். "மொதலாளி, சுவரு டீச்சர் வீட்டு ஜன்னல் பக்கம் இருக்கு. உங்க டியூப்லைட்டு அங்க இல்ல. நான் வாசல்ல உக்காந்து கலக்கறேன்."

"எவ்ளோ நேரம்யா?"

"பொழுது சாயறதுக்குள்ள."

வாசலில் உட்கார்ந்தார். புது டப்பா வெள்ளை, மஞ்சள், பச்சை, ஒரு சொட்டுக் கறுப்பு. சிவப்பில் கோடு மறைந்தது, பச்சையில் தெரிந்தது. மறுபடி. பச்சையில் மறைந்தது, சிவப்பு வழியாகப் பல்லிளித்தது. மறுபடி. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அலுத்துவிட்டது; பாதி தாடிக்காரர் வந்து சலூன்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. கையெல்லாம் பச்சையோ சிவப்போ, அவருக்கு ஒன்றுதான். கடைசியாக ஒரு சொட்டுச் சிவப்பை ஈர்க்குச்சி முனையில் தொட்டு விட்டார். காயவைத்தார். சிவப்பில் கோடு இல்லை. பச்சையில் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார். இல்லை.

டீச்சர் சில்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். "எங்க வச்சிருக்கீங்க பொட்டை?"

"உங்க விரலுக்குக் கீழதான் டீச்சர்."

முதலாளியும் வாங்கிப் பார்த்தார். குடோன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, உள்ள போ. நாற்காலியில தூசியா இருக்கு, தட்டிட்டு உக்காரு."

டீச்சர் வீட்டுச் சுவரில் திட்டு இப்போது இல்லை. வதந்திக்கு மட்டும் ஓய்வு கிடையாது. மாஸ்டரின் கண்ணாடி ஆளுக்குள்ளே எலும்புவரை பார்க்குமாம், சலூனில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் கலைந்த பிறகு கல்லாப் பெண் கூப்பிட்டாள். "அண்ணே, எப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. என் ரசனைக்காகத்தான் கேக்கறீங்கன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

மாஸ்டர் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாற்காலித் தூசியைத் தட்டப் போனார்.

மறுநாள் யாரோ ஒரு சில்லைக் கொண்டுவந்தார்கள். கலக்கினார், மூன்று வழியிலும் பார்த்தார், கோடு இல்லை. கேட்கத் தேவையே இல்லை. இருந்தாலும் எழுந்துபோய்க் கல்லாவில் நீட்டினார். "தங்கச்சி, உன் கண்ணுக்கு எப்படி இருக்கு?"

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைப் பார்த்தாள்.

"முதல்ல என் காகிதத்தைக் குடுங்க, சொல்றேன்."

"நாளைக்கே தந்துடறேம்மா" என்றார் மாஸ்டர்.