ஸ்பீக்கரில் வெடித்த சரவெடி

இன்று காலை பதினொரு மணிக்கு, சிவகாசிப் பக்கம் எங்கள் ஊரில், அமைச்சர் கையால் இலவச மிக்ஸி கொடுக்கும் விழா. மைக் செட் என்னுடையது.

சோதனைக்கு வந்த அதிகாரிகள் சீல் வைத்ததிலிருந்து ஊரில் பட்டாசு ஆலை ஒன்றுகூட ஓடவில்லை. திறக்கச் சொல்லி மனு கொடுப்பதற்காக, வேலை இழந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் அத்தையும் அதில் ஒருத்தி.

கட்சியின் ஒன்றியச் செயலாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, குடோனுக்கும் சீல் வச்சிட்டாக. வரவேற்புக்கு வெடி இல்ல. சிவகாசியில வெடி இல்லன்னா ஊரே சிரிப்பாக. உன் போன்ல சரவெடி சத்தம் இருக்கா?"

யூடியூபில் இருந்தது. எட்டு ஸ்பீக்கரிலும் போட்டேன். செய்வதை ஒழுங்காகச் செய்வோம் என்று பேஸையும் கூட்டினேன். பந்தல் அதிர்ந்தது.

காதைப் பொத்திக்கொண்டே மேடையேறிய அமைச்சர் பேசினார். "ஆலையெல்லாம் மூடிக் கிடக்குன்னு எதிர்க்கட்சி புரளி கிளப்புது. இப்பக் கேட்டீங்களே வெடிச் சத்தம், அதுதான் பதில். தொழில் அமோகமா நடக்குது."

கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.

அத்தை நீட்டிய மனுவை அமைச்சரின் உதவியாளர் வாங்கவில்லை. "நடக்கிற ஆலைக்கு எதுக்கும்மா மனு?" என்றார்.

அத்தை மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஏலே, ஆலையத் திறக்கச் சொல்லி நாங்க அங்கன காத்துக் கெடந்தோம். நீ இங்கன உக்காந்தே திறந்துட்டியேலே."

நாளைக்குச் செய்யப்போவது:

1. அமைச்சர் ஆபீஸுக்குப் போய், சத்தம் என் போனிலிருந்து வந்தது என்று சொல்வேன்.
2. நம்பாவிட்டால் அங்கேயே ஸ்பீக்கர் வைத்துப் போட்டுக் காட்டுவேன்.
3. அமைச்சர் ஆபீஸில் வெடி வெடித்ததாகக் கேஸ் போடுவார்கள். ஜாமீன் கையெழுத்துக்கு வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.