மீன்குடம் ஏற்றிய வண்டிப் பந்தயம்

விடுமுறை என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது என் வீட்டுக்காரர் வாயால்தான். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் வேலை இல்லாத நாளுக்குப் பட்டினி என்று பெயர். சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, ரயிலேறிப் போய் ஒரு காட்டு பங்களாவில் சும்மா உட்கார்ந்திருப்பது துரைமார்களுக்குச் சரி. பர்மாவில், ரங்கூனை ஒட்டிய இன்சீன் ரயில்வே பட்டறையில் பாய்லருக்கு ரிவெட்டு அடிக்கிறவருக்கு அது எதற்கு? அப்படித்தான் நான் கேட்டேன். மனசுக்குள்தான் கேட்டேன். அந்த நாட்களில் நான் வாய் திறந்து பேசுவதையே விட்டிருந்தேன்.

முந்தின மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு உயிர் இல்லை. ஆண்கள் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நம்மவர்களிடம் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காரியம் கிடையாது, திதி கிடையாது, பெயர் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நல்ல மனசோடுதான் வந்தார்கள், நடந்ததை மறந்துவிடு, அடுத்தது தங்கும் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு தொலைந்திருந்தால்கூட இதைவிட அதிகமாகப் பேசியிருப்பார்கள்.

வெயில் காலம் வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். என்னைக் கப்பலேற்றி அனுப்புங்கள், அம்மாவிடம் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று. அவர் சண்டை போடவில்லை. கப்பல் ஏஜெண்டிடம் சொல்லி வைத்துவிட்டும் வந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். போவதற்கு முன்னால் நாலு நாள் தன்னோடு வடக்கே வர வேண்டும். பட்டறை ஃபோர்மன் துரை சிபாரிசு செய்து ஒரு காட்டு பங்களாவில் தங்க அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். குளிர்காலத்தில் துரைமார்கள் வேட்டைக்கு வந்து தங்குகிற இடம், வெயிலில் காலியாகத்தான் கிடக்குமாம், மீன் பிடிக்கலாமாம்.

என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அந்த ஃபோர்மன் சொன்ன கதையையும் ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தார். துரையின் தம்பி ஏதோ பனி தேசத்தில் இருக்கிறானாம். அங்கேயும் காட்டுக்குள் இப்படி விடுதி உண்டாம், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பார்களாம், சக்கரமே இல்லாத வண்டியில் நாய்களைப் பூட்டிப் பந்தயம் விடுவார்களாம். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டறை லயன் வீடுகளில் இருக்கிற நாய்களுக்கு மனுஷன் பின்னால் துரத்திக்கொண்டு ஓடத்தான் தெரியும், முன்னால் ஓடத் தெரியாது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

சின்ன ஸ்டேஷன் ஒன்றில் இறங்கி, மாட்டு வண்டியில் காட்டுக்குள் வெகுதூரம் போனோம். தேக்குக் காடு. இலையெல்லாம் உதிர்ந்து, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும். மரக்கால்கள்மேல் நின்ற பங்களாவுக்குக் காவல்காரராக ஒரு பர்மாக்காரர் இருந்தார். அவர் மனைவிக்குத் தாய் பர்மாக்காரி, தகப்பன் தமிழர், ரயில் பாதையில் கூலி வேலை செய்தவர். அந்த அம்மாள் லுங்கி கட்டி, கன்னத்தில் சந்தனம் மாதிரித் தனாக்கா பூசிக்கொண்டு, தஞ்சாவூர்த் தமிழில் "வா தங்கச்சி, நல்லா இருக்கியா" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லா இல்லை அக்கா என்று சொல்லத் தோன்றியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. காலையில் போவார், வெறுங்கையோடு வருவார். பெரிய மீன் ஒன்று கடித்துவிட்டுப் போய்விட்டது என்பார். தினமும் அதே மீன்தான் கடித்தது போலிருக்கிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எனக்காகத்தான் அந்த மனுஷன் வெயிலில் காய்ந்து கருவாடாகிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் காலை, பங்களாவுக்குப் பின்னால் இருந்த குட்டைக்கு ஊரே திரண்டு வந்தது. ஆண், பெண், குழந்தை எல்லாரும். கையில் கூடை, வலை, மண்குடம். குட்டை வற்றிச் சேறும் சகதியுமாகக் கிடந்தது, அதற்குள் மீன்கள் துள்ளின. இதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் போதும், சாதி சனம் பார்க்காமல் எல்லாரும் கண்மாயில் இறங்குவார்கள். அவரவர் பிடித்தது அவரவருக்கு. அன்றைக்கு ஊரில் மீன் குழம்பு மணக்காத வீடு இருக்காது. அதே திருவிழா இங்கேயும் நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, காவல்காரர் வீட்டுக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

அவர் மீன் பிடித்த வேகத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் சந்தோஷமாகச் சிரித்தார்கள். ரங்கூன்காரர் என்ன ஆசையாக உதவி செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள் போல. அவரோ பெரிய விரால்களாகப் பார்த்து எடுத்து, கரையில் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, நாரில் கோத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடிவந்து என் முன்னால் போட்டார். பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் மீன் பிடித்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். அவருக்காகவே எழுந்து ஆய்ந்தேன், புளி கரைத்தேன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் காவல்காரர் மனைவி வாசலில் வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"தங்கச்சி, அது திங்கிற மீன் இல்லே. விடுற மீன்."

கசோன் மாதத்தில், அதாவது நம் சித்திரை வைகாசியில், வற்றுகிற குட்டைகளில் சாகக் கிடக்கும் மீன்களை எடுத்து ஆற்றில் விடுவது அவர்கள் வழக்கம். ஓர் உயிரைக் காப்பாற்றிய புண்ணியத்தை, இறந்துபோன தங்கள் மனுஷர்களுக்குக் கொடுப்பார்கள். ஊரே குடத்தில் தண்ணீர் விட்டு மீனைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் புளி கரைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

ஊர்த் தலைவர் வந்தார். பின்னாலேயே கோபமாக ஒரு கூட்டமும் வந்தது. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, பர்மியப் பேச்சில் எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றித் தட்டுத் தடுமாறிச் சொல்லிக் கும்பிட்டார். தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, தெரியாமல் செய்ததற்குக் கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் பாவம் என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். வெட்டின மீனை ஒட்ட வைக்க முடியாது, நாளைக்குக் கிழக்கே இன்னொரு குட்டையில் இறங்குகிறோம், புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வந்து அந்த மீன்களுக்குத் தோள் கொடுங்கள் என்றார். செத்ததை வீணாக்குவதும் தப்பு என்று, போகும்போது ஒரு கிண்ணம் குழம்பும் வாங்கிக்கொண்டு போனார். நாப்பி என்கிற நாறும் மீன் விழுதைத் தின்று பழகிய நாக்கு, எங்கள் விரால் குழம்பை விட்டுவிடுமா?

மறுநாள் நான் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். காவல்காரர் மனைவி கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குட்டையில் இறக்கிவிட்டாள். சேறு முழங்கால் வரைக்கும் ஏறியது. கைகளைச் சேர்த்துக் குவித்து மீனை எடுக்க வேண்டும், அழுத்தவும் கூடாது, நழுவவும் விடக் கூடாது. முதலில் ஒரு சின்னக் கெளுத்தி கிடைத்தது. அது உள்ளங்கையில் துடித்தது. பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் குடத்தை நீட்டியபடி சாதாரணமாகக் கேட்டாள்.

"யாருக்கு விடுறே?"

அவள் அதற்கு முன்பே தன் மீன்களைத் தன் தகப்பனுக்கும், தன் முதல் பையனுக்கும் என்று சொல்லியிருந்தாள். எங்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை என்று சொன்னேன். எங்கள் பிள்ளை என்ற வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

"பேர் எதுக்கு? நீ அம்மா. நீ நெனச்சா அதுக்குத் தெரியும்."

நான் சேற்றில் நின்றபடி அழுதேன். ஒருத்தரும் அழாதே என்று சொல்லவில்லை, மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. ஒரு கிழவி என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த மீனைக் கையில் கொடுத்தாள். இதை எழுதும்போதும் அந்த ஊரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

குடங்கள் நிறைந்ததும் வண்டிகளில் ஏற்றினார்கள். வெயில் ஏறுவதற்குள் ஆற்றுக்குப் போகாவிட்டால் குடத்துத் தண்ணீர் சூடாகி மீன் செத்துவிடும். அதனால் வேகமாகப் போக வேண்டும். வேகம் என்று சொல்லிவிட்டால் வாலிபர்கள் சும்மா இருப்பார்களா? வருஷா வருஷம் அதைப் பந்தயமாக்கி, முதலில் போய்ச் சேர்கிற வண்டிதான் முதல் குடத்தை ஊற்றலாம் என்று வைத்திருந்தார்கள். பெரியவர்கள் வருஷா வருஷம் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். எங்களுக்கும் ஒரு வண்டி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் சின்ன வயசில் எங்கள் பக்கத்து ரேக்ளாப் பந்தயத்தில் ஓட்டியவர். கயிற்றைக் கையில் வாங்கியதுமே அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. நான் பின்னால் வைக்கோலில் உட்கார்ந்து இரண்டு குடங்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் கை காட்டினார். மாடுகள் பாய்ந்தன. காட்டுப் பாதை முழுக்கப் புழுதி, மணிச்சத்தம், கூச்சல். எங்கள் வண்டி இரண்டு வண்டிகளைத் தாண்டியது. அவர் "ஹோய், ஹோய்" என்று கத்திக்கொண்டு மாட்டின் வாலை முறுக்கினார். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதில் ஒரு குடம் குலுங்கிப் பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டியது. கெளுத்தி ஒன்று என் மடியில் விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்போதுதான் எனக்குள் அடைத்துக் கிடந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"ஏன்யா, உமக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு? மெதுவா ஓட்டும். பிள்ளைங்க சாவுதுல்ல!"

மீன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது பிள்ளைகள். அவர் கயிற்றை இழுத்துப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ மாதங்களாக வாய் திறக்காத பெண்சாதி நடுக்காட்டில் அவரைக் கிழிகிழி என்று கிழிக்கிறாள். அந்த மனுஷன் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் இறங்கி, மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறைமாத கர்ப்பிணியை ஏற்றிய வண்டியை ஓட்டுகிற மாதிரி நடந்தே வந்தார். நான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். பாக்கி நிறைய இருந்தது.

கடைசியாகத்தான் ஆற்றுக்கு வந்தோம். எங்களுக்காக எல்லாரும் கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடங்களில் ஒரு மீன்கூடச் சாகவில்லை என்பதைப் பார்த்துத் தலைவர் தன் வாலிபர்களை ஒரு முறை முறைத்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடத்தைச் சாய்த்தேன். மீன்கள் ஒரு நொடி அங்கேயே நின்றன, பிறகு போய்விட்டன.

புண்ணியத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது அவர்கள் யாருக்கு என்று உரக்கச் சொல்வார்கள், கூடியிருப்பவர்கள் நன்று நன்று என்ற பொருளில் "தாடு, தாடு, தாடு" என்று பதில் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தகப்பனை, தாயை, பாட்டனைச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தது. அவர்தான் சொன்னார். அந்தப் பேச்சை இதுவரை எடுக்காத மனுஷன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பர்மிய மொழியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், போன மழையில் பிறந்த எங்கள் மகளுக்கு என்று. மகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவ்வளவு பேரும் ஒரே குரலில் என் மகளுக்குத் "தாடு" சொன்னார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஈரப் புடவையோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரங்கூன் போனதும் கப்பல் டிக்கெட்டை வாங்கிவிடட்டுமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மாவைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

"அங்க போனா அம்மா என்னத்தான் பாத்துக்குவா," என்றேன். "இங்கதான் நம்ம மகள நாலு பேருக்குத் தெரியும்."