தொப்புளுக்குக் கீழே ஒரு துடிப்பு

வயிற்றுப் பிள்ளையோடு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், கண்ணு, இங்கேயே மூடி வைத்துவிடு. பெற்றுப் பிழைத்து, பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகு வந்து படி. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். மற்றவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நான் சொல்லப்போவது யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. என் கண் முன்னால் நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. ஊரெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில், மயிலாப்பூர் நடுவில், கீழே தெருவில் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது.

1994, கார்த்திகை மாதம். என் அக்கா மகள் ஸ்வர்ணலதாவுக்குத் தலைப்பிரசவம். அக்கா முன்பே காலமாகிவிட்டாள். அதனால் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கச் சித்தி நான்தான். இன்னொரு துணை அவள் மாமியார் சீதா. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் பாத்திரக் கடை. நல்ல மனுஷி. ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு குண்டானைக்கூட அலமாரியிலிருந்து இறக்க மாட்டாள்.

பிள்ளைக்குத் தலை திரும்பவில்லை. அதுதான் சிக்கல். தலை மேலே, விலா எலும்புக்குக் கீழே முட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் விஜயலக்ஷ்மி எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வெளியிலிருந்து வயிற்றை அழுத்திப் பிள்ளையைத் திருப்பிப் பார்க்கலாம். திரும்பாவிட்டால் நாள் குறித்து ஆபரேஷன். சில பேருக்கு அப்படியே சாதாரணமாகப் பெற விடுவதும் உண்டாம். ஆனால் இந்தப் பிள்ளை உட்கார்ந்த மாதிரி இல்லை. ஒரு காலைக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பனிக்குடம் உடைந்தால் காலோடு தொப்புள்கொடியும் சரிந்து வந்துவிடும். கொடி நசுங்கினால் பிள்ளைக்கு உயிர் இல்லை. அதனால் அந்த வழி வேண்டவே வேண்டாம் என்றார்.

திருப்பிப் பார்த்தார்கள். ஸ்கேன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டர் இரண்டு கையாலும் தள்ளினார். நான் அவள் தலைமாட்டில் நின்றேன். வயிற்றுக்குள் ஒரு தேங்காய் நகர்வது போல அந்தத் தலை மெதுவாகப் பக்கவாட்டுக்கு வந்தது. இடுப்பு வரைக்கும் வந்தது. டாக்டர் கையைத் தளர்த்தினார். வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டது. இன்னும் அழுத்தினால் ஆபத்து, நாளைக்குக் காலையில் ஆபரேஷன் என்றார்.

சீதா பஞ்சாங்கத்தை எடுத்தாள். நாளைக்குக் கேட்டை நட்சத்திரம். அதற்கடுத்த நாள் மூலம். கேட்டையில் பிறந்தால் தகப்பனுடைய அண்ணனுக்கு ஆகாதாம். ஸ்வர்ணலதாவின் புருஷன் பொன்ராஜுக்கு ஓர் அண்ணன் உண்டு. மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே பிடி. அந்தக் காலத்தில் பாதிக் குடும்பம் அப்படித்தான், ஜோசியர் குறித்த நேரத்துக்குத்தான் கத்தியே எடுக்க வேண்டும். டாக்டருக்கு மனசே இல்லை. கடைசியில், பெண் இந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, வீட்டுக்குப் போகவே கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

நானும் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், சம்பந்தி காதில் ஏறவில்லை.

டியூட்டி சிஸ்டர் பெயர் ஹமீதுன்னிசா. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க அவள் கையில் புனல் மாதிரி ஓர் அலுமினியக் குழல் இருக்கும். தலை மேலே இருக்கிற பிள்ளைக்குத் துடிப்பும் தொப்புளுக்கு மேலேதான் கேட்குமாம். கேட்ட இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தாள். ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம் பாருங்கள்.

மறுநாள், கேட்டை நட்சத்திரத்தன்று சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். டெலிபோன் செத்துப்போயிற்று. ஆறு மணிக்குக் கரண்டும் போயிற்று. சீதா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே போனாள். மாடி அறையில் நானும் ஸ்வர்ணலதாவும் மட்டும். ஜன்னல் ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி.

எனக்கு அன்று காலையிலிருந்தே ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நிற்பேன். உட்காருவேன். போர்வையை மடிப்பேன், பிரிப்பேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆறு இருபது. கதவுப் பக்கம் ஒரு நர்ஸ் நின்றாள்.

வந்த சத்தம் கேட்கவில்லை. மழை இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைப் புடவை, கையில் அதே மாதிரிக் குழல். பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. அவளும் நிறைமாதக்காரி. இந்த வயிற்றோடு மாடி ஏற விட்டிருக்கிறார்களே என்று.

கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். கண்ணுங்களா, அது பழைய இரும்புக் கட்டில். நான் கை ஊன்றினாலே கிரீச் என்று கத்தும்.

கத்தவில்லை.

குழலை மேலே, பேனாக் குறி இருந்த இடத்தில் வைக்கவில்லை. நேராகத் தொப்புளுக்குக் கீழே வைத்தாள். காதைப் பதித்தாள். சிஸ்டர் ஹமீதுன்னிசா கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இவள் மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

ரொம்ப நேரம் கேட்டாள்...

குனியக் குனிய அவள் வயிறு ஸ்வர்ணலதாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"சித்தி, குளுருது" என்றாள் ஸ்வர்ணலதா.

நர்ஸ் நிமிர்ந்தாள். "தலை எறங்கிடுச்சு. வீட்டுக்குப் போங்க."

எதையாவது பேச வேண்டுமே என்று, உனக்கு எத்தனை மாதம் அம்மா என்று கேட்டேன்.

"நாள் தாண்டிடுச்சு."

"வலி ஏதும் வந்துதா?"

"வந்து போயிடுச்சு."

எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நிமிஷம் சீதா காபியோடு உள்ளே வந்தாள். படியில் நர்சைப் பார்த்தீர்களா என்றேன். அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரே மாடிப்படிதான். ஒருத்தரும் எதிரே வரவில்லை என்றாள். ஆனால் தலை இறங்கிவிட்டதாம் என்று நான் சொன்னதும், அவள் வேறெதையும் காதில் வாங்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே புடவைகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். ஏழு மணிக்குப் பொன்ராஜ் வேனில் சாப்பாடு கொண்டுவருவான், அதிலேயே போய்விடலாம் என்று.

"டாக்டர் வரட்டும் மதினி" என்றேன்.

"நர்சே சொல்லிட்டாவ. பொறவு என்னத்துக்கு டாக்டரு? அறுக்காம பெறந்தா சாமி புண்ணியம்லா. நீங்க சும்மா பயங்காட்டாதிய."

"இத்தனை மழையில..."

"மழையில நனைஞ்சா கரைஞ்சா போயிருவா? அவ என்ன உப்பா?"

ஸ்வர்ணலதா என் கையைப் பிடித்தாள். மாமியாருக்குக் கேட்காமல் பேசினாள்.

"சித்தி... தலை கீழ வந்துட்டா, உதை மேலதானே இருக்கணும்?"

"ஆமாடி."

"கீழதான் உதைக்குது."

அப்படியென்றால் பிள்ளை திரும்பவில்லை. டாக்டர் சொன்னது அப்படியே இருக்கிறது. கால் கீழே.

என் உள்ளங்கையை இழுத்து வயிற்றின் மேல் பக்கம் வைத்தாள்.

"இங்கயும் உதைக்குது, சித்தி. இப்பத்தான்... அவங்க வந்துட்டுப் போனதிலேர்ந்து."

நான் எழுந்து ஓடினேன். கீழே இன்னொரு பிரசவம். அந்த அறை வாசலில் நின்று சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டேன். ஹமீதுன்னிசா டார்ச்சோடு வந்தாள். படியேறும்போதே, மாடிக்கு யாரை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். நின்று திரும்பிப் பார்த்தாள். இன்றைக்குத் தன்னைத் தவிர வேறு சிஸ்டரே இல்லை என்றாள்.

அறைக்குள் போனோம். ஸ்வர்ணலதா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் உட்காரவைத்திருக்கிறாள்.

படுக்கவைத்தோம். சிஸ்டர் பேனாக் குறியில் குழலை வைத்தாள். தலையசைத்தாள். துடிப்பு இருக்கிறது. அதே இடம்.

கீழேயும் பாருங்கள் என்றேன்.

வைத்தாள்.

கண்ணை மூடினாள்.

திறந்தாள்.

மறுபடி மேலே. மறுபடி கீழே. மேலே... கீழே...

"ஸ்கேன்ல ஒண்ணுதானே?" என்றாள்.

ஒன்றுதான் என்றேன்.

அதற்குள் கீழே வேன் ஹாரன் கேட்டது. சீதா மருமகளின் தோளைப் பிடித்து எழுப்பினாள். வா, அவன் வந்துட்டான் என்று. ஸ்வர்ணலதாவின் பாதம் தரையைத் தொட்டது.

சளார்...

பனிக்குடம் உடைந்தது.

சிஸ்டர் அவளை அப்படியே கட்டிலில் தள்ளினாள். கையை விட்டுப் பார்த்தாள். டார்ச் உருண்டு ஓடியது.

"கொடி வந்துகினு கீது. கட்டில் கால்பக்கம் தூக்குங்கம்மா. ரெண்டு பேரும். தூக்குங்க!"

நானும் சீதாவும் தூக்கினோம். அந்தக் கனத்தை எப்படித் தூக்கினோமோ தெரியாது. சிஸ்டர் கையை வெளியே எடுக்கவே இல்லை. கொடி நசுங்காமல் அந்தப் பிஞ்சுக் காலை உள்ளேயே தாங்கிப் பிடித்திருந்தாள். கீழே இருந்த பிரசவத்துக்காக டாக்டர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கியிருந்தார். அதைத்தான் சாமி புண்ணியம் என்று சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் போட்டார்கள். பொன்ராஜும் டிரைவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்க, கையை எடுக்காமலே சிஸ்டரும் கூடவே தியேட்டருக்குள் போனாள்.

நானும் சீதாவும் வெளியே நின்றோம். அவள் கையில் அந்தப் புடவைப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழு இருபத்தைந்துக்கு அழுகைச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சத்தம்.

பெண் குழந்தை. டாக்டர் வெளியே வந்து, படியிலோ வேனிலோ இது நடந்திருந்தால் குழந்தை இல்லை என்றார். நான் அவரைத் தனியாக நிறுத்தி, உள்ளே வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். ஒரு குழந்தைதான், ஏன் கேட்கிறீர்கள் என்றார். சீதா அதன் பிறகு கேட்டை என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. பேத்திக்கு ஹம்சினி என்று அவளே பெயர் வைத்தாள்.

நிறைமாத நர்சைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் தியேட்டருக்குள் திரும்பிப் போய்விட்டார். தரை துடைக்க வந்த ஆயாதான் சொன்னாள்.

"வெள்ளப் பொடவையா? வயிறு இவ்ளோ பெருசாவா? அத்த இன்னாத்துக்கும்மா கேக்குற... இங்க வேல செஞ்ச பொண்ணுதான். பத்து வருசம் முன்னால. அதுக்கும் கொயந்த காலு கீழதான். தலை திரும்பிட்ச்சுன்னு அதுவே சொல்லிகினு வூட்டுக்குப் போச்சு. ரெண்டு உயிரும் போய்ட்ச்சு."

வயிற்றோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள், தெரியுமா கண்ணு? வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதன் மேல் இறக்கிவைப்பார்கள். அப்படி இறக்கிவைத்தால் அவள் சுமையும் இறங்கும் என்று. இவளுக்கு நட்டார்களா என்று கேட்டேன். மெட்ராசில் யார் கல் நடுகிறார்கள் என்றாள் ஆயா.

இதோடு முடிந்தது என்றுதான் ஐந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1999இல் அடையாறு பஸ் டிப்போவில் ஹமீதுன்னிசாவைப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டாளாம். ஹம்சினி பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். சந்தோஷப்பட்டாள். பஸ் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

அன்றைக்கு ஆபரேஷன் முடிந்து, ஸ்வர்ணலதாவை வார்டில் படுக்கவைத்த பிறகு, மனசு கேட்காமல் குழலை வைத்துப் பார்த்தாளாம். தையலுக்கு மேலே. தொப்புளுக்குக் கீழே.

குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. வயிறு காலி.

துடித்ததாம். தாயின் கைநாடி ஒன்று அடித்தால், அது வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு மாதிரி இரண்டு அடித்ததாம். விடிகிற வரைக்கும் போய்ப் போய்க் கேட்டிருக்கிறாள். ஐந்து மணிக்கு அது இல்லை.

"நின்னுடுச்சா?" என்றேன்.

"நிக்கலம்மா. போயிடுச்சு."

எதிர் அறையில் ஓர் அம்மா அட்மிட் ஆகியிருந்தாளாம். அவளுக்கும் தலை திரும்பாத பிள்ளை. அன்று விடியற்காலை, தலை இறங்கிவிட்டதென்று நர்ஸ் வந்து சொன்னார்கள் என்று சொல்லி, யாரையும் கேட்காமல் புருஷனோடு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் பிரசவம்.

குழந்தை பிழைத்ததா என்று கேட்டேன்.

பஸ் வந்தது. ஹமீதுன்னிசா படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தம்மாக்கு மூணு தடவ ஸ்கேன் எடுத்தாங்க. மூணுலயும் ஒண்ணுதான்."

"சரி..."

"பொறந்தது ரெண்டும்மா."