ஒருக்கா ஊற்றினால் போதும்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கல்முனையில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். எங்கள் பூமரக் குழு அந்தச் சூட்டுக் காற்றால்தான் உருவானது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மடியில் ஒரு ரோசாக் கன்றாவது இருக்கும். குளிரில் வளர்ந்த அந்தக் கன்றுகளில் எவை எங்கள் மணலிலும் கச்சானிலும் பிழைக்கின்றன என்று பத்துப் பன்னிரண்டு வீட்டார் வட்ஸ்அப்பில் எழுதுவோம். எல்லாவற்றையும் நான் ஒரு கொப்பியில் பதிவேன்: நிறம், வெயில், தண்ணீர் எத்தனை தரம், இலை கருகிய நாள். மரம் செத்துவிட்டதா என்று அறிய நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

"கொஞ்சம் வாடின மாதிரி" என்று யாராவது எழுதினால் விடமாட்டேன். "எத்தின இலை?" என்று கேட்பேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்ற தலைக்கனம்.

என் பின்வளவில் நின்ற இளஞ்சிவப்பு ரோசா கச்சானிலும் பூத்தது. 'காலையில் ஒரு வாளி மட்டும்' என்று பெருமையோடு பதிந்திருந்தேன்.

அதே இனம் பாண்டிருப்பில் ஓர் அக்காவிடமும் நின்றது. அவருடைய கணவர் கடைசியாகப் போன பயணத்தில் வாங்கி வந்து தன் கையால் நட்டது. அவர் இறந்து, எங்கள் பேச்சில் மௌத்தாகி, அக்கா வீட்டார் பேச்சில் மோசம்போய், ஒரு வருடம் ஆகியிருந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அக்கா மட்டக்களப்புக்குப் போக வேண்டி வந்தபோது குழுவில் குரல்பதிவு அனுப்பினார்.

"ரீச்சர், பக்கத்து வீட்டுக்காரி தண்ணி ஊத்துறன் எண்டு சொல்றா. காலையிலயும் பின்னேரமும் வரட்டா எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?"

"வேணாம் அக்கா. அவவ ஏன் அலைக்கழிக்கிறீங்க? ஒருக்கா ஊத்தினா போதும். என்ட மரம் நிக்குதுதானே."

மூன்று வாரம் கழித்துத் திரும்பியவர் ஒரு படம் போட்டார். கறுத்த குச்சிகள்.

"கீறிப் பாத்தன் ரீச்சர். பச்சை இல்ல."

நான் 'இறந்தது' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றப்படவில்லை' என்றும் எழுதினேன். அதோடு நிற்காமல் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவிலும் போட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் பின்வளவுக் குழாய் உடைந்தது. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி வுளூச் செய்வது அந்தக் குழாயடியில்தான். திருத்துகிறவர் இன்று வாறேன், நாளை வாறேன் என்று இழுத்தடித்ததால் எல்லோரும் உள்ளே குளியலறையில் வுளூச் செய்தோம். ஒன்பதாம் நாள் என் ரோசா தலையைத் தொங்கப் போட்டது. காலை வாளியை நான் ஒருநாளும் தவறவிடவில்லை. காய்ந்து கிடந்த குழாயடியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வீட்டில் நாலு பேர், ஐந்து வேளை. அவ்வளவு தண்ணீரும் ஓடிப்போய்த் தேங்கியது ரோசாவின் அடியில். நானும் அங்கேதான் கால் கழுவினேன். தொழுகைக்கான தண்ணீரை மரத்துக்கு ஊற்றிய தண்ணீராக நான் எண்ணவே இல்லை.

இரண்டு நாள் வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் கொப்பியை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணியும் ஆறிப்போனது.

"உங்கட எழுத்தக் காட்டித்தான் அவவ ஏசினன் ரீச்சர். என்ட மனுசன்ட மரத்தச் சாகடிச்சிட்டாய் எண்டு. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் கதைக்கிறதில்ல. இருவது வருசப் பழக்கம்."

மரத்துக்காக வருந்தி வந்தவளுக்கு அதைக் கேட்டதும் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. "வாங்க, நானே அவகிட்டச் சொல்றன்" என்று எழுந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மீன் கழுவிய கையோடு கேற்றடிக்கு வந்தார். அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குழாயையும் வுளூத் தண்ணீரையும் பற்றிச் சொன்னேன். அவர் ஊற்றியதில் ஒரு பிழையும் இல்லை என்றேன். கொப்பியைத் திறந்து, நான் அடித்துத் திருத்திய வரியைக் காட்டினேன். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பின்னேரமும் வந்து ஊத்துறன் எண்டு நான் கேட்டன். வேணாம் எண்டது நீங்களா?"

"ஓம்" என்றேன்.