உறை பிரிக்காத ஜர்னல்

தாம்பரத்தில் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு இந்த ஆண்டு நிதியைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். எந்த ஜர்னலை நிறுத்துவது என்று இன்று நூலகத்திலேயே மீட்டிங். நூலகர் என்பதால் வில்லியும் நானே.

வேதியியல் துறைத்தலைவர் தங்கள் துறை ஜர்னலுக்காகக் கால் மணி நேரம் பேசினார். "அது இல்லன்னா எங்க டிபார்ட்மென்டே இல்லம்மா."

நான் எழுந்து போய் அதன் மூன்று வருட இதழ்களை அள்ளிவந்து மேஜையில் வைத்தேன். ஒன்றில்கூட பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

"என்ன சார் இது?"

மனிதர் துளியும் அசரவில்லை. "பிரிச்சா அழுக்காயிடும்ல? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க பாக்குறப்ப புதுசா இருக்க வேணாமா?"

பிரின்சிபால் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு பக்கத்து ஷெல்ஃபிலிருந்து, மாணவர்கள் புரட்டிப் புரட்டியே அட்டை கிழிந்துபோன தாவரவியல் ஜர்னலை இரண்டு விரலால் தூக்கினார். "இது பாக்கவே கேவலமா இருக்கு. இத நிறுத்திடுங்க."

மீட்டிங் மினிட்ஸில் அந்த முடிவை என் கையாலேயே எழுதினேன்.

டிவி ரிமோட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். எங்கள் கல்லூரியில் உங்களுக்குத்தான் எதிர்காலம்.