குப்பைக்கூடை, ஏழாம் பக்கம்

கம்பளித் தொப்பியை இரண்டு காதுக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, விரல் கத்தரித்த கையுறையோடு, வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் நெவில் ட்ரெகீர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார். குளிர்காலத்தில், எங்களுக்கு அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்து ஜிண்டபைனில் அவர் வீட்டின் பின்பக்கம் போனால் இதுதான் காட்சி. கண்ணாடி அடைத்த வராந்தா. ஹீட்டர் கிடையாது. "ஹீட்டர் போட்டா தூக்கம் வரும். நான் தூங்கிட்டா பேர யாரு எழுதறது?" என்பார்.

எழுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் மலையில், பனிச்சறுக்குகிறவர்களை மேலே ஏற்றுகிற நாற்காலி லிஃப்ட் பழுது பார்த்தவர். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லை, அவற்றை எந்தச் சக்கரம் தின்றது என்று கேட்டால் நம்பர் சொல்வார். முழங்கால் இரண்டும் என் பொறுப்பு. இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக நான் முழங்கால்களை நீவிப் பிழைக்கிறவள். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் 'டாக்டரம்மா'தான்.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. பள்ளிக்கூடம் வேண்டாமென்று வீசியதைத் தூக்கி வந்து மாட்டியிருக்கிறார். 'பனிவேலி' என்ற எங்கள் பனிச்சறுக்கு இணையக் குழுவில் 'போறேன்–வந்தேன்' என்று ஓர் உரையாடல் இழை உண்டு. லிஃப்ட் போகாத மேட்டுக்குத் தனியாகப் போகிறவர்கள் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அதில் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பியதும் 'வந்தேன்' என்று எழுத வேண்டும். நெவில் ஒவ்வொரு பேரையும் பலகையில் ஏற்றுவார். வந்தவர் பேரை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழிப்பார். சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் போன் போடுவார். எடுக்காவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்வார். இது யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை.

இளவட்டங்கள் 'வந்தேன்' என்று எழுதச் சோம்பல்பட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். நெவிலிடம் அது செல்லாது. உடனே போன்தான். "கட்டவிரல் வந்துடுச்சு, சரி. மீதி உடம்பு வந்துச்சா? வாயத் தெறந்து சொல்லு." மறுமுனையில் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். தானும் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதி, அடியில் 'இப்படிக்கு, நெவில்' என்று கையெழுத்தும் போடுவார். அவர் நாள் முழுக்கக் கத்துகிறார் என்பது இளசுகளின் புகார்.

அவருக்கு ஒரு பழக்கம். பேக்கரியில் பேப்பர் படிக்கும்போது, பக்கத்தின் மூலையைப் பிடித்தபடி ஒரு கணம் நிற்பார், பிறகுதான் புரட்டுவார். மனைவி பெவ் மெதுவாகப் படிப்பவள். ஒரே பேப்பரை இருவரும் சேர்ந்து படிப்பார்கள். அவள் "ம்" என்று சொல்லும்வரை அவர் காத்திருப்பார். அவள் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மூலையைப் பிடிக்கிற கை மட்டும் இன்னும் நிற்கிறது.

'பனிவேலி'யில் பனியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது உண்மை. புல்வெட்டும் இயந்திரம், டீயில் பாலை முதலில் ஊற்றுவதா கடைசியிலா, பக்கத்து வீட்டு நாய், இப்படியே போகும். பெருசுகளும் பொடிசுகளும் அடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

"பெருசுங்களா, இது பனிச்சறுக்கு சைட்டா இல்ல முதியோர் இல்லமா?" என்று ஒரு பொடிசு ஆரம்பிக்கும்.

"தம்பி, உங்கப்பன் மொத மொத விழுந்தப்ப தூக்கிவிட்டவன் நான்," என்று லெஸ் பாவ்டன் பதில் கொடுப்பார். ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர், தனிக்கட்டை, வாய் அடங்காதவர். "நீ அவனவிட மோசமா விழற. வீடியோ பாத்தேன்."

இந்தச் சண்டைகள் எல்லாம் 'போறேன்–வந்தேன்' இழைக்குள்ளேயே நடக்கும். அங்கேதான் எல்லோரும் கட்டாயம் வருவார்கள், பார்வையாளர் நிச்சயம். சண்டையை எடுத்து எறியுங்கள் என்று இளசுகள் கேட்டால் நெவில் சொல்வது ஒன்றுதான்: "அப்படியே இருக்கட்டும்." கிழவருக்கு வம்பு பிடிக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன், இன்று அதற்கு வெட்கப்படுகிறேன்.

பலகையின் இடது மேல்மூலையில் ஒரு பேர் அழியாமல் இருக்கிறது. 'ஃபின். குதேகா – ட்வைனம். 5 மணி.' மை மங்கிப்போகும் என்பதால், ஒவ்வொரு ஜூன் மாதமும் மலை திறக்கிற அன்று அதே எழுத்தின் மேலேயே மறுபடி எழுதுகிறார்.

ஃபின்லே ஹாஸ்கெட் பள்ளி ஆசிரியன், இருபத்தொன்பது வயது. ஒன்பது வருடம் முன்பு ஒரு ஜூலை காலை, தெர்மாஸில் காபி ஊற்றலாமா டீதான் ஊற்ற வேண்டுமா என்று பெரிய ரகளை. அப்போது நிர்வாகி நெவில். எரிச்சல் தாங்காமல் அறுபத்து மூன்று பதிவுகளை ஒரே தட்டலில் 'குப்பைக்கூடை' என்ற பகுதிக்குத் தள்ளிவிட்டார். அதில் ஒன்று ஃபின்னுடையது. ஐந்து வரி காபியைப் பற்றி. ஆறாவது வரியில், குதேகாவிலிருந்து ட்வைனம் முகட்டுக்குப் போகிறேன், ஐந்துக்குள் வந்துவிடுவேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள், சண்டையை முடித்த கையோடு வாலில் போகிற இடத்தை ஒட்டிவிட்டுக் கிளம்புவார்கள். பலகையில் அவன் பேர் ஏறவில்லை. மறுநாள் மதியம்தான் தேட ஆரம்பித்தார்கள், அதற்குள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வசந்தத்தில் ஒரே ஒரு பனிச்சறுக்கு ஊன்றுகோல் கிடைத்தது. அவனும் கிடைக்கவில்லை, அவன் போனும் கிடைக்கவில்லை.

நெவில் நடந்ததை இழையிலேயே பெரிய எழுத்தில் எழுதி, இப்படிக்கு நெவில் என்று கையெழுத்துப் போட்டு, நிர்வாகிப் பதவியை விட்டார். குப்பைக்கூடையை அதன்பிறகு அவர் திறக்கவே இல்லை. வேறு எவரும் எதையும் அங்கே தள்ளவும் விட்டதில்லை.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். 'பனிவேலி'யில் யார் யார் இப்போது எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. மேகம் ஊர் ஏரிவரை இறங்கி வருகிற சில நாட்களில் அதில் ஃபின் என்ற பேர் இருக்கும். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்துப் புது நிர்வாகி ப்ரியோனி மஸ்கிரேவ். இருபத்தாறு வயது, ஒற்றைப் பலகையில் பனிச்சறுக்கச் சொல்லிக்கொடுப்பவள், கம்ப்யூட்டர் படித்தவள். "பழைய சாஃப்ட்வேர் நெவ். எங்கயோ ஒரு போன் இன்னும் லாகின்ல இருக்கு, அவ்ளோதான். பேயெல்லாம் இல்ல," என்றாள்.

"நான் பேய்னு சொன்னேனா? படிக்கிறான்னுதான் சொன்னேன்."

"ஒம்போது வருஷமா எந்த போன்ல சார்ஜ் நிக்கும்?" என்று நான் கேட்டேன். அவள் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. 'பனிவேலி'யை மூடிவிட்டு எல்லோரையும் போனில் ஒரு செயலிக்கு மாற்றுவது. போகிறவர் இருக்கும் இடம் புள்ளியாகத் தெரியும், பலகையும் வேண்டாம், கிழவரும் வேண்டாம். நல்ல திட்டம்தான். ஆனால் அங்கே பட்டியல் காலியாகத்தான் தொடங்கும். ஃபின் இருக்கமாட்டான். நெவிலுக்கு அதுதான் ஒப்பவில்லை. "வராதவன் பேர எப்படி எடுக்கறது? அவன் இன்னும் 'வந்தேன்'னு சொல்லலியே." வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆகஸ்டில் ஒரு ஞாயிறோடு முடிவதாக இருந்தது.

அதற்கு முந்தின புதன்கிழமை, முழங்காலைப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று நான்தான் அவரை கூமா ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அந்த நாளில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 'போறேன்–வந்தேன்' இழையை ப்ரியோனி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று காலை, செயலி வேண்டுமா வேண்டாமா என்று தொடங்கிய சண்டை, ஒன்பது மணிக்குள் ரொட்டியில் மடிக்கிற சாஸேஜுக்கு வெங்காயம் மேலேயா கீழேயா என்பதில் வந்து நின்றது.

மூன்றரைக்கு நான் அவர் வீட்டுக்குப் போனேன். வெளியே மேகம் வேலிக் கம்பிவரை வந்துவிட்டது. அவர் வலது காலை என் மடியில் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். சண்டை நடந்த பக்கங்களைக் காணோம். இழை சுத்தமாக இருந்தது, மூன்றே பேர், மூவரும் 'வந்தேன்'. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கால் என் கையில் விறைத்தது. "டாக்டரம்மா. அங்க என்ன படிக்கிறான்?"

யார் எதைப் படிக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். ஃபின் – குப்பைக்கூடை, பக்கம் 7.

குப்பைக்கூடைக்கு ஏழு பக்கம் கிடையாது. பழைய ரகளை மூன்று பக்கம்தான். "ப்ரியோனி தள்ளியிருக்கா," என்றார் நெவில். ஏழாம் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். வெங்காயம், வெங்காயம், எவனோ எவனையோ கழுதை என்கிறான். பிறகு லெஸ் எழுதியது, காலை ஒன்பதே முக்காலுக்கு.

"வெங்காயத்த மேல வச்சா வழுக்கி விழும், தரையில எவனாவது மிதிப்பான், இடுப்பு ஒடியும். கீழ வைங்கடா, அறிவுகெட்ட பொடிசுங்களா." இப்படி ஏழு வரி. எட்டாவது வரி: "டெட் ஹார்ஸ் கணவாய்லேர்ந்து ராம்ஸ்ஹெட் முகடு மேல போறேன். தனியா. ரெண்டரைக்கு வந்துடுவேன்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. லெஸ் போனை எடுக்கவில்லை. நெவில் மீட்புப் படைக்குப் போன் போட்டு, இடத்தையும் நேரத்தையும் தெளிவாகச் சொன்னார். வைத்தபிறகு எழுந்து பலகையில் லெஸ் பேரை எழுதினார். அன்று அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரத்தைப்போல் நீளமான நேரம் என் வாழ்க்கையில் கிடையாது.

ஐந்தேகாலுக்கு, முகட்டுக்குக் கீழே ஒரு மரத்தின் ஒதுக்கில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பனிச்சறுக்குக் கட்டையில் காலை மாட்டும் பூட்டு உடைந்து, மணிக்கட்டும் உடைந்து, உதடு நீலமாகி உட்கார்ந்திருந்தாராம். இருட்டியிருந்தால் அவ்வளவுதான் என்றார் வந்த ஆள். ஸ்ட்ரெச்சரிலிருந்தே, மீட்புப் படைக்காரர் போனில், லெஸ் எங்களுக்குப் பேசினார். பல் தந்தியடித்தது. "நெவ்... வெங்காயத்துக்கு... எவனாவது பதில் சொன்னானா?"

"வாயத் தெறந்து சொல்லு," என்றார் நெவில்.

காற்றுச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது. "வந்தேன்டா கிழவா. வந்தேன்."

நெவில் பேரை அழித்தார். உள்ளங்கையை மையோடு அப்படியே பலகையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

அந்தி வெளிச்சம் இருக்கும்போதே ப்ரியோனி வந்துவிட்டாள். சறுக்குச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கதவருகிலேயே நின்றாள். "நான் படிக்கல நெவ். வெங்காயம்னு பாத்ததும் மொத்தத்தையும் தள்ளிட்டேன்."

"நானும் படிக்கல," என்றார் அவர். "தெர்மாஸ்னு பாத்தேன்."

அவள் அப்போதுதான் பலகையின் இடது மேல்மூலையை நன்றாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "என் ஓட்ட மாத்திட்டேன்," என்றாள் கடைசியில். "மத்தவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியல."

நெவில் தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் குப்பைக்கூடை திறந்தபடியே இருந்தது. இப்போது படிப்பவர்கள்: நெவில், ஃபின். ஒன்பது வருடமாகத் திறக்காத முதல் பக்கத்துக்கு அவர் போனார். தெர்மாஸ் சண்டை. வரிவரியாக, உதடு அசையப் படித்துக்கொண்டு பக்கத்தின் அடிவரை வந்தார். ப்ரியோனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

அடுத்த பக்கத்துக்கான பொத்தான்மேல் அவர் விரல் போய் நின்றது. அழுத்தவில்லை. தலையைச் சற்றே சாய்த்துக் காத்திருந்தார். பிறகு, "ம்" என்று யாரோ சொன்னதுபோல, மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினார்.