நான்காவது குன்றின் சரிவில்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை, அப்பா எங்களை ஐந்து மலை ஏற்றப்போவதாக அறிவித்தார். வளைகுடாவில் நாங்கள் இருந்த அஜ்மானிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால், இன்னொரு நகரத்தின் எல்லையில் வேலி போட்டுக் காத்துவரும் பாலைநிலம் ஒன்று உண்டு. அதற்குள் ஐந்து குன்றுகள். ஒன்றில் ஏறி இறங்கி அடுத்ததற்குப் போய், வட்டமடித்து வாசலுக்கே வந்துவிடலாம். நாகர்கோவில் சொந்தக்காரர்கள் பார்த்தால் அவற்றை மலை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அப்பா ஒப்புக்கொண்டு, புது ஷூவும் வாங்கியிருந்தார்.

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, தோசை தின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. இறங்கி வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். முதல் குன்றில் அப்பா போட்டோ எடுத்தார். இரண்டாவதில் மூச்சு வாங்கினார். மூன்றாவதில், காட்சி அழகாக இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். அம்மா மட்டும் சுரிதாரும் ரப்பர் செருப்புமாக, காய்கறி வாங்கப் போகிறவளைப் போல நடந்துகொண்டிருந்தாள்.

அப்பாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனபோது, நான்காவது குன்றின் சரிவில் ஒரு மனிதர் விழுந்து கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உருதுவில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே எங்களைத் தவிர ஒருவருமில்லை.

அம்மா அவர் கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். அடுத்த கணம் அவள் குரலே மாறிவிட்டது.

"இஞ்ச சிக்னல் இல்ல. கேட்டுக்கு ஓடுங்க. ஆம்புலன்ஸ் வேணும்னு சொல்லுங்க. ம், ஓடுங்க!"

அப்பா ஓடினார். அம்மா அப்பாவை அப்படி அதட்டி நான் அதுவரை கேட்டதில்லை.

அவ்வளவு பெரிய ஆளை, அக்குளில் கைகொடுத்து ஒரே மூச்சில் பாறை நிழலுக்கு இழுத்துவிட்டாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். இருந்த தண்ணீர் முழுவதையும் தன் ஷாலில் ஊற்றி, அவர் கழுத்திலும் மார்பிலும் போர்த்தினாள். என் தொப்பியைப் பிடுங்கி என் கையிலேயே திரும்பத் திணித்தாள். "வீசு மக்களே. நிறுத்தப்பிடாது."

அவர் கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டி, "பாய், இதர் தேக்கோ, இங்க பாருங்க. பேர் என்ன? பேர் சொல்லுங்க" என்று தெரிந்த இந்தியும் தமிழுமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை அவர் பதில் சொல்லவே இல்லை. நான் அழுதுவிட்டேன். அம்மா அவர் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் முனகினார். அந்த நிமிஷம் உலகத்தில் அம்மாவால் முடியாதது எதுவுமில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்களில் ஒரு மலையாளி, நனைந்த ஷாலைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், சிஸ்டர் எந்த ஆஸ்பத்திரி என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் நர்ஸ் இல்ல. சும்மா நடக்க வந்தோம்."

"அம்மா நர்ஸ்தான்! நாகர்கோயில்ல ஐசியூல இருந்தாங்க!" என்று நான் கத்தினேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். "பிள்ள சும்மா சொல்லுது."

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டதைக் வாசல் காவலாளி மறுவாரம் போனில் அப்பாவுக்குச் சொன்னார். அன்றைக்கு, ஆம்புலன்ஸ்காரர்கள் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பா திரும்பிப் போகலாம் என்றார். "இன்னும் ஒண்ணுதானே இருக்கு" என்று அம்மா முன்னால் நடந்தாள். நான் அவளோடு பேசவில்லை. பூசை முடிந்த கையோடு பொய் சொல்லியிருக்கிறாளே!

அந்த நாட்டில் நர்ஸ் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், அம்மா அந்தப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று ஒரு க்ளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. லைசென்ஸ் இல்லாத தன் கையில் அந்த மனிதர் இறந்துவிட்டால் வழக்கும் வந்து, எங்கள் விசாவும் போய்விடும் என்று அவள் பயந்திருக்கிறாள். பயந்துகொண்டேதான் தொட்டிருக்கிறாள்.

ஐந்தாவது குன்றின் உச்சியில் அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. மலை ஏறிய களைப்பு என்று நான் நினைத்தேன்.